பேருந்தும் வரிசையும்

பள்ளி முடியும் வேளையில் வாயிற்கதவருகே நின்று, பிள்ளைகள் ஒழுங்காக வேனில் ஏறுகிறார்களா என்று பார்ப்பதை என் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியர் வெயிலில் நின்று செய்யவேண்டிய வேலையா இது என்று துணைத் தலைமையாசிரியர் அம்மையார் அன்போடு கடிந்துகொள்வதுண்டு. வேறொருவரை அனுப்பலாம்தான். ஆனால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நான் ஏறிய பேருந்து ஒன்று அதற்குக் காரணம்.

பேருந்து நெரிசல் எனக்குப் புதிதன்று. குளுவாங் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, 1983ஆம் ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் புறப்படும் இருட்டிலேயே நானும் புறப்பட்டு, செம்மண் பாதையில் நடந்து, பெரிய சாலையில் பேருந்துக்காக நிற்பேன். மூன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பேருந்து. உள்ளே மூச்சுவிட இடமிருக்காது. ஆயினும் ஒருநாளும் நான் விடுபட்டதில்லை. நடத்துநராக இருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "கெச்சில் டூலு, கெச்சில் டூலு" என்று கூவுவார். சிறியவர்கள் முதலில் என்பது அவர் வகுத்த சட்டம். படிவம் ஐந்து படிக்கும் மீசை முளைத்த அண்ணன்மார்கூட அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கி நிற்பார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்த வயதில் தோன்றவுமில்லை.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1993ஆம் ஆண்டு சிறிய தோட்டப்பள்ளி ஒன்றில் பணியேற்றபோது, என் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்பித்தது வரிசைதான். சிற்றுண்டிச்சாலைக்கு வரிசை, தண்ணீர்க் குழாய்க்கு வரிசை, புத்தகம் திருத்திக்கொள்ள வரிசை. முந்தியவனைப் பிடித்துக் கடைசியில் நிறுத்துவேன். இளம் ஆசிரியனின் பெருமிதத்தோடு, இந்தப் பிள்ளைகள் எங்கு சென்றாலும் இதை மறக்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொள்வேன். அந்த எண்ணம் பொய்க்கவில்லை.

2001ஆம் ஆண்டு, பணியிலிருக்கும் ஆசிரியர்கள் பட்டம் பெறுவதற்கான திட்டத்தின் வழி எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறை அவ்வோரிடத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் நகரத்தை விட்டு வெளியேறிப் பரந்த நிலம் தேடிப் போனவை. 1970இல் கோலாலம்பூரில் தோன்றிய தேசியப் பல்கலைக்கழகம் 1977இல் பாங்கிக்குப் போயிற்று. 1984இல் தொடங்கப்பெற்ற வட மலேசியப் பல்கலைக்கழகம் 1990இல் சிந்தோக் காட்டுப்பகுதியில் குடியேறிற்று. கோலாலம்பூரில் வளர்ந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம் ஜொகூரின் ஸ்கூடாய்க்கு வந்தது. தங்கும் விடுதிகள் ஒரு குன்றில், விரிவுரை மண்டபங்கள் இன்னொரு குன்றில், நூலகம் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் என்று அமைந்துவிட்டால், நடுப்பகல் வெயிலிலும் மாலை மழையிலும் நடப்பவர் யார்? ஆகவே வளாகத்துக்குள்ளேயே சுற்றிவரும் பேருந்து மாணவர்களின் உயிர்நாடியாகிவிடுகிறது. எல்லா வகுப்பும் எட்டு மணிக்கே தொடங்குமானால் எல்லாரும் ஏழரை மணிக்கே பேருந்துக்கு நிற்பார்கள். ஒன்பதரை மணிக்கு அதே பேருந்து காலியாகக் குன்றைச் சுற்றிவரும்.

முதல் வாரம் நான் வரிசையில் நின்றேன். நின்றேன் என்பதைவிட, வரிசையாக ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதன் கடைசியில் நின்றேன் என்பதே பொருந்தும். பேருந்து வளைவில் தலைகாட்டிய மாத்திரத்தில் அந்த வரிசை கலைந்து கதவை நோக்கிப் பாயும். மூன்று நாள் விரிவுரைக்குத் தாமதமாகப் போனேன். மூன்றாம் நாள், என்னைவிட இளையவரான விரிவுரையாளர், "ஆசிரியர்களே நேரத்துக்கு வராவிட்டால் எப்படி?" என்று நகைத்துக்கொண்டே கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன்பின் நான் கற்றுக்கொண்ட வித்தையைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நிறுத்தத்தின் தரையில் எண்ணெய்க் கறை படிந்த ஓரிடம் உண்டு. பேருந்தின் கதவு அதற்கு நேரே வந்து நிற்கும். அங்கே இடம்பிடித்துக்கொள்ள வேண்டும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் மார்பின் முன் கேடயம்போல் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் முகத்தையும் பார்க்கக்கூடாது. முகத்தைப் பார்த்தால் வழிவிட நேரும். மூன்றாம் வாரத்தில் நான் இக்கலையில் தேறிவிட்டேன். வகுப்புக்கும் தாமதமின்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

பேருந்துகள் ஏன் அரைமணி நேரம் வராமலிருந்துவிட்டுப் பின்னர் இரண்டாகச் சேர்ந்து வருகின்றன என்பது அந்நாளில் எங்கள் அனைவரின் புலம்பலாக இருந்தது. ஓட்டுநர்கள் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்துகிறார்கள் என்று ஏசுவோம். பாவம், அவர்கள்மீது குற்றமில்லை என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். ஒரு பேருந்து எதனாலோ இரண்டு நிமிடம் பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிக்க மேலும் நேரமாகும். தாமதம் மேலும் வளரும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றிக்கொள்ள ஆளிராது. அது விரைந்துவந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1964ஆம் ஆண்டிலேயே இதைக் கணக்கிட்டு விளக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இதற்கொரு மாற்றையும் செய்து பார்த்தார்கள். நேர அட்டவணையை ஒதுக்கிவிட்டு, பின்னால் வரும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு வண்டியும் திரும்புமிடத்தில் சற்றுக் காத்திருந்து புறப்படும் முறை அது. 2012இல் வெளிவந்த அவ்வாய்வைப் படித்தபோது, பின்னால் வருபவனை எண்ணிப் புறப்படு என்பதை எந்திரத்துக்கும் கற்பிக்கலாம் போலும் என்று வியந்தேன்.

நான் அப்படி எண்ணிப் புறப்படாத நாளுக்கு வருகிறேன்.

முதல் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்த காலம் அது. தேர்வு ஒன்பது மணிக்கு. விடியற்காலையிலிருந்தே மழை. எட்டு மணிக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். எட்டு இருபதுக்கு வந்த பேருந்து நிரம்பியிருந்ததால் நிற்காமலேயே போய்விட்டது. எட்டு நாற்பதுக்கு அடுத்தது வந்தபோது நிறுத்தத்தில் அறுபது பேராவது இருந்திருப்போம். நான் எண்ணெய்க் கறையின்மேல் நின்றிருந்தேன். கதவு திறந்ததும் இரண்டு தோள்களுக்கு இடையே என் தோளைச் செருகி, கடைசிப் படியில் கால் வைத்து ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் கதவு மடங்கி மூடத் தொடங்கியது.

"ஐயா!" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மழைநீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் தெளிந்த நெகிழிப் பையில் இரண்டு பேனாவும் ஓர் அளவுகோலும். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் என் முதற்பள்ளியில், என் முதல் ஆறாம் ஆண்டு வகுப்பில், மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருந்தவள். அந்தக் குரலில் முறையீடு ஏதுமில்லை. தன் ஆசிரியரைக் கண்டுகொண்ட மகிழ்ச்சி மட்டுமே இருந்தது. நான் கையை உயர்த்துவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இறங்கி அவளை ஏற்றியிருக்கலாம். எனக்கும் தேர்வு இருந்தது. நான் சொல்லவில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்கு என் இருக்கையில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சிற்றுண்டிச்சாலையில் அவளைத் தேடிப்பிடித்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "வணக்கம் ஐயா, தேர்வு நன்றாக எழுதினீர்களா?" என்று கேட்டாள். பொறியியல் படிக்கிறாள் என்பதும், தந்தையார் காலமாகிவிட்டார் என்பதும், தாயார் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பதும் பேச்சில் தெரியவந்தன. அன்று அடுத்த பேருந்தும் நிற்காமல் போய்விட்டதாம். மழையில் நடந்தே போய், ஒன்பது இருபத்தைந்துக்கு மண்டபத்தை அடைந்தாளாம். அரைமணி கடந்திருந்தால் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள்.

"நீ ஏன் முன்னால் வந்து ஏறவில்லை?" என்று கேட்டேன். கேள்வியில் சிறிது சினமும் கலந்திருந்தது. யார்மீது என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

"எனக்கு முன்னால் ரெண்டு பேர் இருந்தாங்க ஐயா" என்றாள்.

முன்னால் என்றால் எங்கே? அன்று அந்த நிறுத்தத்தில் வரிசை என்று ஒன்று இருக்கவேயில்லை. அறுபது பேர் கூடியிருந்த கும்பலில் அவள் ஒருத்தி மட்டும், தனக்கு முன்னால் யார் வந்தார்கள் என்று எண்ணிவைத்துக்கொண்டு, தன் முறைக்காக நின்றிருக்கிறாள். யாரால் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையுமில்லை. அந்தத் தாளில் அவளுக்குக் கிடைத்தது தேர்ச்சி மட்டுமே. கணிதத் தேர்வில் இருபத்தைந்து நிமிடம் என்பது எத்தனை வினா என்பது ஆசிரியனாகிய எனக்குத் தெரியாதா?

இந்நிகழ்ச்சியை ஆசிரிய நண்பர்கள் சிலரிடம் சொன்னதுண்டு. ஒருவர், "இந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு முட்டிமோதி முன்னேறத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்றார். இன்னொருவர், "அவள் தோற்றாலும் பண்பில் வென்றாள்" என்று நெகிழ்ந்தார். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. முதலாமவர் சொற்படி எல்லாரும் முட்டிமோதினால் தோள் வலியவனே எப்போதும் ஏறுவான். முப்பத்தொரு வயதில் ஏறியவன் நான்தானே! இரண்டாமவர் சொல்வதோ அதைவிடக் கொடுமை. ஒரு பிள்ளையை மழையில் நிறுத்திவிட்டு அவள் பண்பைப் பாராட்டுவது, பேருந்துக்குள் இருப்பவனுக்கு எளிது. நம் பள்ளிகளிலிருந்து பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வகுப்பின் கடைசியில் வாய்திறவாமல் உட்கார்ந்திருப்பதையும் நாம் அடக்கம் என்று பெயரிட்டு மகிழ்ந்திருக்கிறோம்.

என் நினைவு குளுவாங் பேருந்துக்கே திரும்பிப் போகிறது. அங்கும் இதே நெரிசல்தான். ஆனால் படியில் ஓர் ஆள் நின்றார். வரிசையை எனக்குக் கற்பித்தவர்கள் இருந்ததுபோல், அதைக் காக்கவும் ஒருவர் இருந்தார். நான் என் பிள்ளைகளுக்குப் பாதியை மட்டும் கற்பித்து அனுப்பிவிட்டேன்.

தலைமையாசிரியரான பின்னர் இரண்டு காரியம் செய்தேன். வரிசையில் நிற்பவனை யாரேனும் முந்தினால், "நான் முன்னாலேயே வந்தேன், நீங்கள் பின்னால் நில்லுங்கள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கினேன். தமிழிலும் மலாயிலும் சொல்லிப் பார்க்க வைத்தேன். பெரியவர்களிடமும் சொல்லலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். சொல்லலாம், மரியாதையோடு சொல்ல வேண்டும் என்றேன். பிள்ளைகள் வாயாடிகளாகிவிடுவார்கள் என்று பெற்றோர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் மகள் இப்போது சிற்றுண்டிச்சாலையில் என்னையே ஒருமுறை பின்னால் நிற்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது, இந்த வாயிற்கதவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டதால், என் பள்ளியின் பிள்ளைகள் பெரும்பாலோர் வேனில்தான் வருகிறார்கள். சென்ற வாரம் வேன் ஒன்றில் இடம் நிறைந்த பிறகும் ஒரு பிள்ளை மிஞ்சினாள். "ஒரு பிள்ளைதானே ஐயா, நெருக்கி உட்கார வைத்துக்கொள்கிறேன்" என்றார் ஓட்டுநர். அவரைக் குறைசொல்வதற்கில்லை, எரிபொருள் செலவு அவருக்கு. ஆயினும் கூடாது என்றேன். சிறியவர்கள் ஏறினார்கள், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இறங்கி நின்றாள். இரண்டாம் நடை திரும்பிவர முப்பத்தைந்து நிமிடமாயிற்று. மழைத்தூறல் விழத் தொடங்கியதால் காவலர் குடிலின் கூரைக்குக் கீழே இருவரும் ஒதுங்கினோம்.

"நாளைக்கு யார் ஐயா நிற்கணும்?" என்று அவள் கேட்டாள்.

சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். அவள் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு, அடுத்த பெயர் யாருடையது என்று இருவருமாகப் பார்த்தோம்.