கருகியது போர்டுதான்

காற்றும் மழையும் அடித்த ராத்திரியில் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரைகூட ஏறிவிடும். பல்பு பளீரென்று எரியும், ஃபேன் பறக்கும், அப்புறம் கருகல் வாசனை.

எங்கள் தெரு லேத் பட்டறைக்காரரின் ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் போனது. ஜிஎஸ்டி வந்த 2017 முதல் எல்லாக் கணக்கும் அதில். மகளின் காதுகுத்து போட்டோக்களும் அதில்தான். வீட்டில் அழுகை அதற்குத்தான். "எல்லாம் அழிஞ்சிடுச்சா சார்?" என்றார்.

அழியவில்லை. தகவல் இருப்பது உள்ளே சுழலும் தட்டில், காந்தப் பதிவாக. மின்சாரம் முதலில் அடிப்பது வெளியே இருக்கும் போர்டை. அதில் 12 வோல்ட், 5 வோல்ட் வழிகளில் ஆளுக்கொரு காவல் டயோடு உண்டு. வோல்டேஜ் எகிறினால் அது ஷார்ட்டாகித் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். டிஸ்க் சுற்றாது, செத்ததுபோல் கிடக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் அந்த டயோடை எடுத்துவிட்டு, சரியான அடாப்டர் கொடுத்தால் பல சமயம் சுற்றிவிடும். காவல் போய்விட்டதால் உடனே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இதற்கு நடுவில் நடக்கும் வைத்தியங்கள்மேல். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிப் பார்ப்பார்கள். பழைய டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டுவார்கள். இப்போதைய டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகள் உண்டு. அவை போர்டிலுள்ள சின்ன ரோம் சிப்பில் இருக்கின்றன. அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது போர்டு வீண். சில கம்பெனி டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்டே தகவலைப் பூட்டி எழுதுகிறது. கருகினாலும் அதைக் குப்பையில் போடக்கூடாது. ஹெட் பக்கத்து சிப் எரிந்திருந்தால் தூசியில்லாத அறை வேண்டும், செலவும் பெரிது. மேஜைமேல் வைத்து மூடியைத் திறக்கிறேன் என்பவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறைக்காரர் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனார். டயோடோடு முடிந்தது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். டிஸ்க் எரிந்தது என்று ஆபீசரிடம் சொல்லிப் பயனில்லை. இந்த வாரமே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் பிளக்கிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள்.