தலைக்குந்தாவில் ஒரு பனிக்காலை

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சில கல் தொலைவில் உள்ளது தலைக்குந்தா. மார்கழி, தை மாதங்களில் வைகறையில் அங்குள்ள புல்வெளியைக் காண்போர், யாரோ சுண்ணாம்பு தெளித்தனரோ என ஐயுறுவர். அத்தனையும் உறைபனி! மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்துப் புல்லே மிகுதியாக வெளுத்திருக்கும். குளிர்ந்த காற்று கனமுடையதாதலின், தாழ்விடம் தேடி இறங்கித் தங்கிவிடுகிறது.

எங்கள் மூத்த சகோதரியாரின் இல்லம் அத்தகைய பள்ளத்தில்தான் இருக்கிறது. அவருக்குக் கோவையில் நண்பகலில் கண் அறுவை. அழைத்துச் செல்லத் தஞ்சையிலிருந்து வந்த எங்கள் பழைய டீசல் கார் இரவெல்லாம் வாசலில் பனியில் நின்றது. ஆறு மணிக்குப் புறப்பட எண்ணினோம். ஏழாகியும் அது உயிர் பெறவில்லை. பாட்டரி போய்விட்டது என்றார் ஓட்டுநர். ஒருவர் எஞ்சின்மேல் ஊற்றக் கொதிநீருடனேயே வந்துவிட்டார்! அயலில் வாழும் முதிய மெக்கானிக் கையமர்த்தித் தடுத்தார். குளிர்ந்த வார்ப்பிரும்பில் கொதிநீர் பட்டால் வெடிப்புக் காணக்கூடும்.

அம்முதியவர் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியின் பின்புறம் போய் நின்றார். "செல்ப் அடியுங்கள், தம்பி" என்றார். எஞ்சின் விரைவாகவே சுழன்றது. சைலன்சரிலிருந்து வெண்புகை திரண்டு வந்தது. சுழற்சி நன்றாயிருப்பதால் பாட்டரியில் குறையில்லை. வெண்புகை வருவதால் டீசலும் உள்ளே போகிறது. போன டீசல்தான் எரியவில்லை என்று அவர் தெளிந்தார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. உலோகம் குளிர்ந்திருப்பின் அவ்வெப்பத்தை அது உறிஞ்சிவிடும். அன்றியும், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கிற்குச் சற்றே கூடுதல், அவ்வளவே. இதை ஈடுசெய்யவே இவ்வகை எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்துள்ளனர்.

பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றினார். பாட்டரியின் நேர்முனையில் ஒரு சோதனை விளக்கை மாட்டி, அதன் மறுமுனையால் நான்கையும் தொட்டார். இரண்டில் விளக்கு எரிந்தது; இரண்டில் எரியவில்லை. தஞ்சை வெப்பத்தில் இவற்றின் துணையின்றியே ஓடிய வண்டி, இம்மலையில் தன் நோயைச் சொல்லிவிட்டது!

தம்மிடமிருந்த புதிய பிளக்குகள் இரண்டை அவர் பொருத்தினார், எஞ்சின் பற்றிக்கொண்டது. எட்டு மணிக்குப் புறப்பட்டோம். குன்னூர் கடந்து, பாக்குத் தோப்புகள் நிறைந்த பர்லியாற்றை அடைந்தபோது சகோதரியார் கம்பளியைக் களைந்தார். பதினொன்றரைக்கு மருத்துவமனை வாயிலில் இறங்கினோம்.