யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்த்துட்டு...

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கல்யாண கேசட் இருக்கிறதா? இருக்கும். ஓடாத மிக்ஸிக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவே, ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதின கறுப்பு டப்பா.

எங்கள் வீட்டிலும் இருந்தது. 1996-ல் அடையாறில் நடந்த என் அக்கா கல்யாணம். மூன்று மணி நேரம் ஓடும். முக்கால்வாசி, பந்தியில் சாப்பிடுகிறவர்கள் முகத்தில் லைட் அடித்து எடுத்ததுதான். ஆனால் ஆரம்பத்தில், தாரை வார்த்து முடித்ததும் அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பார். சொல்லாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்துக்கொள்வார். பத்து செகண்ட் இருக்கும். 2004-ல் அப்பா போய்விட்டார். அவர் அசைகிற படம் என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

2007-ல் வி.சி.ஆர். மண்டையைப் போட்டது. சரி, டிவிடியில் ஏற்றிவிடலாம் என்று காந்தி நகர்ப் பக்கம் வீடியோ கடை வைத்திருந்த ஒருவரிடம் போனேன்.

"அவசரப்படாதீங்க சார். புதுசா ரெண்டு வந்திருக்கு. ஹெச்.டி. டிவிடின்னு ஒண்ணு, ப்ளூ-ரேன்னு ஒண்ணு. ரெண்டும் முட்டிக்கிட்டிருக்கு. யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்த்துட்டு, ஒரேயடியா அதுலயே ஏத்திடலாம்."

நான் பி.காம். செலவைத் தள்ளிப்போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எனக்கு தெய்வம். கேசட் மறுபடி பரணுக்குப் போனது.

அது என்ன முட்டல்? சாதாரண டிவிடியில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபிதான் பிடிக்கும். ஹை டெஃபனிஷன் படத்துக்கு அது பத்தாது. சிவப்பு லேசருக்குப் பதில் நீல ஊதா லேசரைப் போட்டால், புள்ளிகளைப் பொடியாக்கி நெருக்கி எழுதலாம். நன்றாகச் சீவின பென்சிலால் ஒரே பக்கத்தில் அதிக வரி எழுதுகிற மாதிரி. இரண்டு கோஷ்டிக்கும் லேசர் ஒன்றுதான், 405 நானோமீட்டர். தகராறு டிஸ்க்கின் அமைப்பில். தோஷிபா கோஷ்டியின் ஹெச்.டி. டிவிடி, பழைய டிவிடி மாதிரியே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் எழுதியது. இருக்கிற தொழிற்சாலையைக் கொஞ்சம் மாற்றினால் போதும், செலவு குறைவு. ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. சோனி கோஷ்டியின் ப்ளூ-ரே, மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே எழுதியது. 25 ஜிபி பிடிக்கும். ஆனால் புது மெஷின்கள் வாங்கியாக வேண்டும்.

என் பி.காம். மூளை தோஷிபா பக்கம்தான் நின்றது. சிக்கனம் ஜெயிக்காமல் எது ஜெயிக்கும்?

ரைட்டர் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. 2006-ல் பயனியர் கம்பெனி கொண்டுவந்த ப்ளூ-ரே ரைட்டர் சுமார் 1,000 டாலர். அன்றைய கணக்கில் 45,000 ரூபாய்! அப்போது ரிச்சி தெருவில் நல்ல டிவிடி ரைட்டரே 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2007-ல் மோசர் பேர் கம்பெனி சினிமா டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. 34 ரூபாய்க்கு முழுப் படம் வாங்குகிற ஊரில் 45,000 ரூபாய்க்கு யார் ரைட்டர் வாங்குவது?

2008 ஜனவரி 4-ம் தேதி வார்னர் பிரதர்ஸ், இனிமேல் ப்ளூ-ரேதான் என்று அறிவித்தது. பிப்ரவரி 19-ம் தேதி தோஷிபா கையைத் தூக்கிவிட்டது. பீட்டாமேக்ஸை வைத்துக்கொண்டு வி.ஹெச்.எஸ்ஸிடம் தோற்ற அதே சோனிக்கு இந்த முறை வெற்றி. பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரே பிளேயரை வைத்து விற்றது அதற்கு ரொம்பக் கை கொடுத்தது. சிக்கனம் தோற்றது.

சண்டைதான் முடிந்ததே, கேசட்டை இறக்கினாயா என்கிறீர்களா? இல்லை. ரைட்டர் விலை இறங்கட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

2011-ல் ஒருவழியாக இறக்கினேன். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல் என்று இருக்கும் ஊர் எங்களுடையது. டேப் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. கடைக்காரர் பொறுமையாகத் துடைத்து ஓட்டிப் பார்த்தார். பந்தி சேதாரமில்லாமல் வந்தது. தாரை வார்த்த இடத்தில் வெறும் கோடுகள். நாதஸ்வரம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

காலேஜில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. அந்த நாளில் வருமான வரிச் சட்டம் கம்ப்யூட்டருக்கு வருடம் 60 சதவீதம் தேய்மானம் கொடுத்தது. 45,000 ரூபாய் சாமான் ஒரே வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் 18,000 ஆகிவிடும். இது எனக்கு அத்துப்படி. அதனால்தான் காத்திருந்தேன். நான் காத்திருந்த நான்கு வருடமும் கேசட்டும் தேய்ந்துகொண்டிருந்தது என்பதைத்தான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

ஜெயித்த ப்ளூ-ரே மட்டும் என்ன ஆனது? நம் வீடுகளில் அது சரியாக நுழைவதற்குள்ளேயே ஜனங்கள் இன்டர்நெட்டில் படம் பார்க்கப் போய்விட்டார்கள். மோசர் பேர் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி 2018-ல் உத்தரவானது. நாம் எழுதிக்கொள்கிற ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பதை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. 'ஒரேயடியா' என்று ஒன்று வரவே இல்லை. அன்றைக்கே சாதாரண டிவிடியில் ஏற்றியிருந்தால், அங்கிருந்து ஹார்டு டிஸ்க், ஹார்டு டிஸ்க்கிலிருந்து செல்போன் என்று அப்பா இந்நேரம் என் சட்டைப் பையில் இருந்திருப்பார்.

எங்கள் அடையாறில், பிரம்மஞான சபையில், 1886-ல் ஆரம்பித்த நூலகம் இருக்கிறது. நிறைய ஓலைச்சுவடிகள் வைத்திருக்கிறார்கள். ஓலையும் செல்லரிக்கும். அதனால் அந்தக் காலத்தில் பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதிவைத்தார்கள். அதுவும் நைந்தால் மறுபடி எழுதினார்கள். காகிதம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

வி.சி.ஆர். தயாரிப்பை ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-லேயே நிறுத்திவிட்டது. ஓடுகிற மெஷின் வைத்திருக்கும் கடைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. எது கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். ஒரு காப்பி உங்களிடம், ஒன்று தம்பி தங்கை வீட்டில். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, அப்போது என்ன புழக்கத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறிவிடுங்கள். ஸ்டூலை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.