புகையின் சுவை

நாவறியும் சுவைகளை ஆறாக வகுத்தனர் தமிழ்ச் சான்றோர். கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு என்னும் அவ்வாறனுள் புகைக்கு இடமில்லை. புகையை அறியும் பொறி நாவன்று, மூக்கே. ஆயினும், புகையையே தலையாய இயல்பாகக் கொண்ட மதுவகை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஐலா என்னும் தீவில் வடிக்கப்படும் விஸ்கியே அது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைப் போற்றுவோர்க்கு இதனால் என்ன பயன் என வினவலாம். விஸ்கி ஆலைகளில் தரம் தேர்ந்து சொல்லும் வல்லுநர்கள் தம் பணியைப் பெரும்பாலும் மோந்தே முடிக்கின்றனர். மாதிரியில் நீர் கலந்து, மணத்தை உணர்ந்து, குவளையைக் கீழே வைத்துவிடுகின்றனர். அவர்களுடைய கலை குடித்தலன்று, வேறுபாடு காணுதல். அக்கலை எந்த மாணவனுக்கும் உரியதே.

அப்புகை எங்கிருந்து வந்தது? இல்லாமையிலிருந்து வந்தது. மரம் அரிதான அத்தீவில் எரிப்பதற்குப் போதிய விறகு இல்லை. காலடியில் இருந்ததோ பீட் எனப்படும் முற்றா நிலக்கரி. நீர் தேங்கிய நிலத்தில் பாசியும் புல்லும் புதர்ச்செடியும் மடிந்து, முழுவதும் மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது அது. ஓராண்டில் அது வளர்வது ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. தீவு மக்கள் அதனைக் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தனர். முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்தவும் அதனையே மூட்டினர். இருப்புப்பாதை வழியே நிலக்கரி எளிதாகக் கிடைத்த காலத்தில், பெருநிலத்து ஆலைகள் பல அப்புகையைக் கைவிட்டன. தீவோ தன் பழைய அடுப்பை விடவில்லை. வேறு வழியின்றி எரித்தது நாளடைவில் அதன் அடையாளமாயிற்று.

ஈரத் தானியத்தின் உமியில், புகையிலுள்ள பீனால் முதலிய வேதிப்பொருள்கள் படிந்துவிடுகின்றன. நீரில் ஊறி, நொதித்து, செப்புக் கலங்களில் வடிந்து, குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் உறங்கிய பின்னும் அம்மணம் அழிவதில்லை. முதன்முதலாக மோந்து பார்ப்பவர், “மருத்துவமனை வாடை” என்று முகஞ்சுளிப்பது இயல்பு. அவர் சொல்வது பிழையுமன்று. 1860களில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் புண்கள் சீழ்பிடியாமல் காக்கக் கையாண்ட கார்பாலிக் அமிலம் என்பது பீனாலே. ஆனால், எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுபவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். உள்ளே செல்ல வேண்டுமாயின், ஒன்றை மற்றொன்றின் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

தீவின் தென்கரையில் அடுத்தடுத்து மூன்று ஆலைகள் உள்ளன. லஃப்ராய்க்கில் மருந்தும் தாரும் கடற்பாசியும் முன்னே வந்து நிற்கும். லாகவூலினில் புகை கனமானது. உலர்ந்த பழத்தின் இனிப்பும் புகையூட்டிய தேயிலையின் மணமும் அதனோடு இழைந்து வரும். ஆர்ட்பெக்கின் முளைதானியம் அவ்விரண்டினும் மிகுதியாகப் புகை ஏற்றது. பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 55 பங்கு பீனால் கொண்டது. ஆயினும், அதில் எலுமிச்சையின் தெளிவு ஒளிர்கிறது. கனத்த ஆவியை மீண்டும் கொதிகலத்துக்கே திருப்பும் ஒரு குழாய் அங்கே பொருத்தப்பட்டிருப்பதும் அதற்கொரு காரணம். எண் பெரிதாயின் சுவையும் கடிதாம் என்பது இல்லை.

இன்னும் வியப்பானது வடகிழக்குக் கரையின் கூல் ஈலா. லாகவூலினுக்கும் அதற்கும் முளைதானியம் வருவது போர்ட் எல்லன் என்னும் ஊரிலுள்ள ஒரே கூடத்திலிருந்து. புகையின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்று கனமாகவும் இருண்டும், மற்றொன்று மெலிந்தும் தெளிந்தும் விளைகின்றன. கலத்தின் வடிவமும், வடிக்கும் வேகமும், எந்த நொடியில் நிறுத்துவது என்னும் முடிவும் இவ்வேறுபாட்டைச் செய்கின்றன. புகைப்பொருள்கள் பெரும்பாலும் வடிப்பின் பிற்பகுதியில் வருபவை. முன்னரே நிறுத்தும் கை மென்மையைப் பெறுகிறது; பிந்தி நிறுத்தும் கை தாரையும் சாம்பலையும் பெறுகிறது. ஒரே பாடத்தைக் கேட்ட இருவர் இருவேறு கட்டுரைகள் எழுதுவதில்லையா?

கைக்கு முன்னே மண்ணும் பேசுகிறது. மரமற்ற ஆர்க்னித் தீவில் ஹைலண்ட் பார்க் ஆலை எரிக்கும் பீட், ஹெதர் என்னும் பூம்புதர் மிகுதியாகப் படிந்தது. அதன் புகையில் பூவும் தேனும் உண்டு. எந்தச் செடி மடிந்ததோ அதன் மணமே புகையில் எழுகிறது. மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் பழஞ்சொல் இன்று கெட்ட வாடையை மட்டும் குறிக்கக் குறுகிவிட்டது. சொல் குறுகினால் மூக்கும் குறுகும். வேறுபாட்டைச் சொல்லச் சொல் தேடுபவனுக்கே வேறுபாடு புலப்படும்.

மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் பீட் புகை புதிதன்று. 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மழைக்காட்டு மரங்கள் படிந்த பீட் நிலங்கள் எரிந்தபோது, வானை மூடிய புகைமூட்டத்தை அவர்கள் நன்கறிவர். நச்சாகவோ நறுமணமாகவோ எழுந்தாலும், எரிவது ஒன்றே, அது காலம். 1 மீட்டர் ஆழப் பீட் என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு. உலகின் காடுகள் அனைத்தும் தாங்குவதைவிட மிகுதியான கரிமத்தைப் பீட் நிலங்கள் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. விஸ்கிக்காக வெட்டப்படுவது சிறுபங்கே எனினும், குறைந்த பீட்டில் அதே மணத்தைப் பெறும் வழிகளை இன்று ஆலைகள் தேடுகின்றன.

1983இல் மூடப்பட்ட போர்ட் எல்லன் விஸ்கி ஆலை, 41 ஆண்டுகள் கழித்து, 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. கலங்களைப் புதிதாகச் செய்யலாம், கைகளைப் பழக்கலாம், மறைந்த சுவையை நினைவிலிருந்தும் தேடிப் பிடிக்கலாம். அந்த 41 ஆண்டுகளில் தீவின் சதுப்புநிலம் வளர்ந்ததோ ஒரு சுண்டுவிரலின் நீளங்கூட இல்லை.