வந்து சேராத எச்சரிக்கை

குறுஞ்செய்தி என்றால் அனுப்பிய நொடியில் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தபால் மாதிரிதான். முதலில் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் போய் உட்காரும். நம் போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ மையம் விட்டு விட்டு முயற்சி செய்யும். கெடு முடிந்தால் செய்தியைக் கைவிட்டுவிடும். நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

2021 மார்ச் 8 அன்று நாடே இதைப் பார்த்தது. விளம்பரத் தொல்லையைக் குறைக்க டிராய் கொண்டுவந்த விதிப்படி, முன்பே பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத செய்திகளை நிறுவனங்கள் தடுக்க ஆரம்பித்தன. வங்கி ஓடிபிகளும் சேர்ந்து நின்றுபோயின. மறுநாளே டிராய் அந்த ஏற்பாட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது.

ஓடிபி வராவிட்டால் மறுபடி கேட்டு வாங்கலாம். புயல் எச்சரிக்கையை அப்படிக் கேட்க முடியாது. வரவேண்டிய ஒன்று வரவில்லை என்பதே நமக்குத் தெரியாதே!

2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கம் கரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. நகரியத்திலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. அதன் பிறகு, 2007ல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. ஆனால் ஐதராபாத்துக்குத் தெரிந்தது சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்கும் நேரத்தில் தெரியவேண்டும் அல்லவா?

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இம்மாதிரி இரவுகளில் கரண்ட் போய்விடும். டவர் பேட்டரியிலும் டீசலிலும் தாங்கும் வரைதான் சிக்னல். இங்கே அணுபுரத்தில், அந்த இரவுக்கான எச்சரிக்கை ஒன்று மறுநாள் காலை நான் விழுந்த கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது.

தமிழுக்கு இன்னொரு சங்கடம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். 'கி' என்பதே இரண்டு குறிகள். செய்தி நீண்டால் துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டு தவறினாலும் முழுச்செய்தி கிடைக்காது.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் ஒன்றாக அலறியது நினைவிருக்கும். 'செல் பிராட்காஸ்ட்' சோதனை அது. இதில் டவர், வானொலி நிலையம் போல, தன் எல்லையில் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது. எண்ணும் வேண்டாம், வரிசையும் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய பட்டன் போன்கள் பலவற்றில் வராது. டவர் படுத்துவிட்டால் எதிலுமே வராது.

ஆகவே மழைக்காலத்தில் ஒரு பேட்டரி ரேடியோ இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். தாமதமாக வந்த செய்தியென்றால் அனுப்பிய நேரத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.