தரிசு என்னும் சொல்லும் ஒரு சிறு சிலம்பனும்

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ளது குடுபல்லி. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. பாறைக்குன்றுகளும், அவற்றின் சரிவில் சூரை, காரை, களா, விராலி எனச் செறிந்த புதர்க்காடும் இந்நிலத்தின் இயல்பு.

பழைய நில ஆவணங்களை வாசிப்பது என் ஆய்வுப் பணி. அவ்வாவணங்கள் இத்தகைய நிலத்தைத் 'தரிசு' என்கின்றன. ஆடு மேய்த்து வாழ்ந்த என் பாட்டியோ அதைக் 'காடு' என்று மட்டுமே சொன்னார். எந்தச் சொல் பொருந்தும் என்பதை எனக்குத் தெளிவாக்கியது ஒரு சிறு பறவை.

1831ஆம் ஆண்டில் பிராங்க்ளின் அறிவியலுலகுக்கு விவரித்த சிலம்பன் இனம் அது. நீளம் ஏறத்தாழ 13 செ.மீ. வயிறு செம்பழுப்பு, தென்னிந்தியாவில் வாழும் வகைக்குத் தொண்டை வெண்மை. தவிட்டுக்குருவியைப் போலவே கூட்டமாகத் திரியும். ஆனால் வெளியில் எளிதில் தென்படாது. மெல்லிய குரலால் ஒன்றையொன்று அழைத்தபடி, முட்செடிகளுக்கும் உயர்ந்த புற்களுக்கும் இடையே பூச்சி தேடி நகரும். நெடுந்தூரம் பறக்க வல்லதன்று. புல்லாலும் இலையாலும் பந்துபோல் கட்டும் கூட்டைத் தரைக்குச் சற்று மேலே புதருக்குள் மறைத்து வைக்கும். அதன் முழு வாழ்வும் புதருக்குள்ளேயே நிகழ்கிறது.

தேசியத் தொலையுணர்வு மையத்தின் உதவியுடன் 2019இல் வெளியான தரிசுநில வரைபடத் தொகுப்பில் 23 வகைகள் உள்ளன. அடர்புதர் நிலமும் திறந்த புதர் நிலமும் அவற்றுள் அடங்கும். தரிசு என்று பெயரிட்டபின், அதைத் 'திருத்துவது' கடமையாகிவிடுகிறது. புதரை அகற்றித் தைலமரம் நட்டால் கணக்கில் பசுமை கூடும். ஆனால் அம்மரங்களின் கீழ் இச்சிலம்பனுக்கு ஒதுங்க இடமிராது.

இதே மாவட்டத்தில் யானைகளுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைக்கப்பட்டது. யானைக்கு அது தேவையே. உலகளாவிய பட்டியலில் இச்சிலம்பன் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமன்று. எனவே, ஒரு சரிவில் அது இல்லாமற்போனாலும் எப்பதிவேட்டிலும் அது இடம்பெறாது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலப்பயன்பாட்டுக் கட்டத்தில் 'தரிசு' என்று எழுதும் முன், காலையில் அரைமணி நேரம் அப்புதரருகே அசையாது நின்று கேளுங்கள். அங்கு மேய்ப்பவர்களிடம் அவ்விடத்தின் பெயரையும் கேட்டு, அதையும் படிவத்தில் குறித்து வையுங்கள்.