வில்லும் விரலும்

லூட் என்னும் இசைக்கருவியை நம் நாட்டில் கண்டவர் மிகச் சிலரே. பேரிக்காயை நெடுக்கில் பிளந்தாற்போன்ற குடம், பின்னோக்கி மடிந்த தலை, விலங்கின் குடலை முறுக்கிச் செய்த இரட்டை நரம்புகள். இவற்றை விரலால் மீட்டுவர். வயலினில் வில்லை இழுத்து ஒரு சுரத்தை வேண்டுமளவு நீட்டலாம். லூட்டிலோ பிறந்த கணமே நாதம் தேயத் தொடங்கிவிடும்.

ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக், தனி வயலினுக்கென்று தாம் இயற்றிய இசைகளை 1720-இல் தம் கையாலேயே தொகுத்தெழுதினார். அவற்றுள் ஒன்றின் முன்னிசையை, 1731-இல் லைப்சிக் நகர மன்றத்தின் பதவியேற்பு வழிபாட்டுக்காக ஆர்கனுக்கு மாற்றினார். பின்னர் அதனையே, லூட்டுக்கு உரியதென்று அறிஞர் பலர் கொள்ளும் வடிவிலும் எழுதினார். வயலினில் தனித்து ஓடிய இசைக்கு அடியில் ஆங்காங்கே கீழ்ச்சுரங்களை நாட்டினார். இழந்ததை எண்ணி வருந்தாமல், புதிய கருவி எதைத் தரவல்லது என்று பார்த்தார்.

அம்முன்னிசை நம் மண்ணுக்கும் வந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கி 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில், வி. எஸ். நரசிம்மனின் வயலினில் அது ஒலிக்கிறது.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ஓர் இல்லத்திற்குச் சென்றபோது இவ்வரலாறு எனக்குக் கைகொடுத்தது. தந்தை அச்சகத் தொழிலாளி. பாடகர் குழுவில் இருபது ஆண்டுகள் வயலின் வாசித்தவர். மகனோ கிட்டாரைப் பற்றிக்கொண்டான். இருவரும் மூன்று மாதங்களாக முகங்கொடுத்துப் பேசவில்லை.

"என் வயலின் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, சாமி. எனக்குப் பின் அதைத் தொட ஆளில்லை" என்றார் தந்தை.

நான் பாக்கின் கதையைச் சொன்னேன். லூட்டுக்குரிய அவ்விசையை இன்று பெரும்பாலும் கிட்டாரில்தான் வாசிக்கின்றனர் என்பதையும் சொன்னேன். மகன் எழுந்து சென்று கிட்டாரை எடுத்து வந்தான். தந்தை ஆண்டுதோறும் திருவிழாவில் வாசித்த மாதா பாடலை மெல்ல மீட்டினான். தந்தை தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்து, "அங்கே கீழ்ச்சுரம் ஒன்று கொடப்பா" என்றார்.

பெற்றோரே, பிள்ளைகள் நம்மைப் பார்த்து எடுத்த படிகள் அல்லர். நாம் வில்லால் இழுத்ததை அவர்கள் விரலால் மீட்டக்கூடும். கருவி மாறிற்றே என்று கதவை அடைத்துக்கொண்டால், உள்ளே ஒலிப்பது நம் பாட்டுத்தான் என்பதை அறியாமலே போய்விடுவோம்.